வாய் கட்டாத பை

தலையணையை முகர்ந்து பார்த்ததும் அவள் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்து விழுந்தது. நல்லவேளையாக மாஸ்டர் வெளியே பல் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் மனைவிக்கு அந்த வார்த்தை தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதேதான். உறையைக் கழற்றினாள். தையல் ஓரம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. இரவெல்லாம் அதில்தான் அவர் முகம் புதைத்துத் தூங்கியிருக்கிறார்.

வெளியே அவர் இருமினார். அவள் உறையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரு கித்தான் கூடாரத்தில். ஆசைப்பட்டு ஒன்றும் குடியேறவில்லை. சொந்த மனையில் வீடு எழும்பிக்கொண்டிருந்தது. "மழைக்கு முன்னாடி கூரை போட்டுடலாம்" என்று கொத்தனார் தலையில் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்திருந்தார். அதை நம்பி, வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார்கள். அவரும் தன் மகனைக் குடிவைக்க வெள்ளையடித்துவிட்டார். கடைசியில் மழைதான் முன்னால் வந்தது, கொத்தனாரைக் காணவில்லை. நான்கு சுவரும் வாசல் நிலையும் நின்றன, மேலே வானம். ஆளில்லாமல் விட்டால் கதவு நிலைக்கும் கால் முளைத்துவிடும் இடம் அது. அதனால், சாலை அளக்க வந்தவர்கள் முகாமைக் கலைத்துக்கொண்டு போகும்போது விற்ற பழைய கூடாரம் ஒன்றை வாங்கி, மனையின் பின்பக்கத்தில் அடித்து உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே நிமிர்ந்து நடக்கலாம், கட்டில் போடலாம், இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு. "ராஜா மாதிரி இருக்கலாம்" என்றார் மாஸ்டர். ராஜாக்கள் எத்தனை மழைக்காலம் டென்ட்டில் கழித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை.

மாஸ்டர் என்றால் பேக்கரி மாஸ்டர். அடுப்பு முன்னால் நின்று சம்பாதித்த பெயர். மாவுத் தூசி நெஞ்சில் இறங்கி, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தபோது டாக்டர் ஒரே போடாகப் போட்டார்: மாவும் கூடாது, பூசணமும் கூடாது. வேலை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் அதே பேக்கரியில், ரொட்டியைப் பையில் போட்டுக் கட்டும் மேசையில் அன்றும் இருந்தாள், இன்றும் இருக்கிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் பேக்கிங் அக்கா.

அவளுக்குப் பூசணத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாத்தனார். மாஸ்டருடைய அக்கா, பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுச் சமாளித்துவிடலாம். தம்பி என்றால் உயிரை விடுவாள், அதுதான் சிக்கல். அவருக்கு முதல் தடவை உடம்பு முடியாமல் போனபோது ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அப்படியே தன் ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். வேலையை விட்டுவிட்டு இவளால் கூடப் போக முடியவில்லை. மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தாள் நாத்தனார். வேளாவேளைக்கு மருந்து, வேளாவேளைக்குச் சாப்பாடு, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வந்த மனிதரைப் பார்த்து இவள் ஆடிப்போனாள். தண்ணீர் குடிப்பதற்குக்கூட "குடிக்கட்டுமா?" என்று கேட்டார். வாசல்வரை நடப்பதற்கு "போகட்டுமா?" என்று நின்றார். அடுப்படியில் ஒரு கூட்டத்தையே அதட்டி மேய்த்த வாய் அது. அந்தப் பழைய ஆளை மீட்டெடுக்க அவள் படாத பாடு பட்டாள். பாதி வேலையைச் செய்தது இந்த வீடுதான். காலையில் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவதும், பகலில் கொத்தனாரைத் திட்டுவதுமாக மாஸ்டர் மறுபடி மாஸ்டர் ஆனார்.

இன்னொரு தடவை அனுப்பினால் திரும்பி வருவது அவராக இருக்காது, வேறு யாரோவாக இருக்கும். அனுப்பக்கூடாது. அதில் அவளுக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

பூசணத்தோடு அவள் மல்லுக்கு நிற்பது இது முதல் தடவை அல்ல. மழை பிடித்த புதிதிலேயே, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் கித்தானின் கீழ் மூலையில் மிளகுத்தூளைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. அவள் சும்மா விடுகிற ஆளா? சோப்புத்தூளைக் கரைத்தாள், தரை கழுவுகிற பிரஷ்ஷை எடுத்தாள், கை கழன்றுவிடும் போலத் தேய்த்தாள். மூலை பளிச்சென்று ஆனது. அடுத்த மழையில் அந்த மூலை மட்டும் ஒழுகியது. தண்ணீர் இறங்காமலிருக்கக் கித்தானில் ஏதோ பூசியிருப்பார்கள் போலிருக்கிறது, அழுக்கோடு அதையும் சோப்பு வழித்துக்கொண்டு போய்விட்டது. போதாக்குறைக்கு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் உள்ளிருந்து கூரையை ஒரு விரலால் அழுத்தி, "எவ்வளவு கெட்டித் துணி பாரு" என்று பெருமை பேசினார். விரல் பட்ட இடத்தில் தண்ணீர் ஊறிச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டு அவர் மண்டையிலேயே விழுந்தது.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே ஒரு நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கொண்டுவந்து கூடாரத்தின் மேல் போர்த்தி, தரைவரை இழுத்துச் செங்கல் வைத்து, கயிறு போட்டு இறுக்கினார். ஜன்னல் படுதாக்களை இறக்கிக் கட்டினார். வாசல் இடுக்கில் பழைய சட்டைகளைத் திணித்தார். அவளும்தான் கூடச் சேர்ந்து திணித்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பழி முழுக்க அவர் தலையில் விழும்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள வரட்டும், நான் மாஸ்டரே இல்ல" என்றார்.

ஒரு சொட்டுகூட வரவில்லை. வேடிக்கையே அதுதான். அந்தக் கூடாரத்துக்குள் செருப்புக்கு வெள்ளை முடி முளைத்தது. அவருடைய தோல் பெல்ட் பச்சையானது. தீக்குச்சியை உரசினால் மருந்து குழைந்து ஒட்டிக்கொண்டது. காலையில் கண் விழித்தால் கித்தானின் உள்பக்கம் வியர்த்து நின்றது. அவள் துடைத்தாள். உள்ளேயே அடுப்பைப் பற்றவைத்துச் சூடு காட்டினாள். அன்றைக்கு இன்னும் கூடுதலாக வியர்த்தது. வெளியே மழை என்று ஈரத்துணியை உள்ளே கொடி கட்டிப் போட்டாள். அது காய்வேனா என்றது. "எங்கயோ இடுக்கு இருக்கு, அது வழியாத்தான் ஈரம் வருது" என்று மாஸ்டர் திணிப்பதற்கு இன்னொரு சட்டையைத் தேடினார். இப்போது தலையணையும் போயிற்று.

அவள் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு வரும்போது போன் அடித்தது.

"ஏம்மா, தம்பி இருமுறான் போலிருக்கே?" என்றாள் நாத்தனார். எடுத்ததும் அதுதான் பேச்சு. "நேத்து பேசுறப்பவே கேட்டுது."

"சளிதான் அண்ணி. மழைக்காலம் இல்லையா?"

"சளி இருமல் எது, நெஞ்சு இருமல் எதுன்னு எனக்கே பாடம் எடுக்கிறியா? ஞாயித்துக்கிழமை வரேன். அந்த டென்ட்டுக்குள்ள தலைய விட்டுப் பார்ப்பேன். பூசணம் மட்டும் என் கண்ணுல பட்டுது, அவனைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். நீ அழுதாலும் விடமாட்டேன்."

"நான் எதுக்கு அண்ணி அழணும்? வாங்க. தாராளமா வாங்க."

போனை வைத்தாள். பயம் பாதி, கோபம் பாதி. பூசணத்தின் மேல் கோபப்பட்டு என்ன பிரயோஜனம், அதற்குக் காதா இருக்கிறது?

அன்றைக்குப் பேக்கரியில் முதலாளியே பேக்கிங் மேசைக்கு வந்து நின்றார். அவர் வந்தால் ஏதோ அவசரம் என்று அர்த்தம். அவர் வந்ததாலேயே அது இன்னும் தாமதமாகும் என்றும் அர்த்தம். முக்கியமான ஆள் ஒருவர் வாசலில் வண்டியோடு காத்திருக்கிறாராம். ரொட்டியோ அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கிக் கம்பி ரேக்கில் ஆறிக்கொண்டிருந்தது.

"சட்டுனு கட்டிக் குடும்மா."

அவள் புறங்கையை ரொட்டியின் அடிவயிற்றில் வைத்துப் பார்த்தாள். அந்த மேசையில் அதுதான் வழக்கம். வேலை செய்து காய்த்துப்போன உள்ளங்கைக்குச் சூடு உறைக்காது, புறங்கைக்கு உறைக்கும். "இன்னும் சூடு இறங்கல சார். இப்ப கட்டினா உள்ள வேர்த்துடும். நாளைக்கே பூசணம் பூத்துடும்."

"நாளை வரைக்கும் அவர் என்ன அதை அழகு பார்த்துட்டா இருக்கப் போறாரு? குடு இப்படி" என்று முதலாளி ஒரு ரொட்டியைப் பையில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, எடுத்துக்கொண்டு ஓடினார். ஓடிய வேகத்தில் அசடு வழியத் திரும்பி வந்தார். வண்டி போய்விட்டிருந்தது. பையை மேசையில் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல் உள்ளே போனார்.

அவள் தன் வேலையைப் பார்த்தாள். சற்று நேரம் கழித்துக் கண் தற்செயலாக அந்தப் பையின் மேல் போனது. பிளாஸ்டிக்கின் உள்பக்கமெங்கும் முத்து முத்தாகத் தண்ணீர். ரொட்டியின் மேல்தோல் நனைந்து சுருங்கிக் கிடந்தது. பை கிழியவில்லை. முடிச்சு அவிழவில்லை. வெளியிலிருந்து ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. அந்த வார்த்தையை எங்கே கேட்டோம் என்று யோசித்தவள், கையிலிருந்த ரொட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

வேலைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவரையும் சூட்டோடு கட்டாதே, சூட்டோடு கட்டாதே என்று பிராணனை வாங்கியவள் அவள். மாஸ்டர் அவளுக்கும் ஒரு படி மேல். யாரோ சூடாகக் கட்டிவிட்டார்கள் என்று ஒருமுறை முழு ட்ரேயையும் தூக்கி வாசலில் கவிழ்த்தவர். அப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து, தங்களைத் தாங்களே பிளாஸ்டிக்கில் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டி, இடுக்கில் சட்டையையும் திணித்துக்கொண்டு, ஈரம் எந்தப் பக்கமாக வருகிறது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவர்கள் விட்ட மூச்சும், கொதிக்கவைத்த தண்ணீரும், காயப்போட்ட துணியும்தான் ஈரம். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "அட மக்கே" என்று தன் நெற்றியிலேயே தட்டிக்கொண்டாள்.

வேலை முடிந்ததும் அந்தப் பையை எடுத்துக்கொண்டு நேராகக் கூடாரத்துக்குப் போனாள். மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பையை அவர் மடியில் வைத்தாள்.

"எந்த மடையன் இதைச் சூட்டோட கட்டினான்?" குரல் பழைய உயரத்துக்கு ஏறி, இருமலில் முட்டி நின்றது.

"முதலாளிதான். அது கெடக்கட்டும். உள்ள இவ்வளவு தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வரும்? ரொட்டிலேருந்துதான். ஆறுறதுக்கு முன்னாடி மூடினா அந்த ஆவி எங்க போகும்? இது உனக்குத் தெரியாதா?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். தலைக்கு மேல் கித்தான் வியர்த்து நின்றது. கொடியில் அவருடைய ஈரத் துண்டு தொங்கியது. மூலையில் அடுப்பின் மேல் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

மாஸ்டர் பையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்போ நான் என்ன ரொட்டியா?" என்றார்.

"ரெண்டு பேரும்தான். நீங்க கொஞ்சம் கருகின ரொட்டி."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொழில் கர்வத்தில் அடி விழுந்தால் எந்த மாஸ்டருக்குச் சிரிப்பு வரும்? "மழை பெய்யறப்ப ஜன்னலைத் திறந்து வைக்கணுங்கிறியா? கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்க. தார்ப்பாய எடுத்தா அந்த மூலை ஒழுகும். நீ சோப்புப் போட்டுத் தேச்ச மூலை."

"எடுக்க வேணாங்க. ஒட்டிக்கிட்டு இல்லாம மேல தூக்கிக் கட்டுவோம். நடுவுல காத்து ஓடணும். நனையறது வேற, புழுங்கறது வேற." அப்புறம் சொல்லித்தான் தீரவேண்டும் என்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அண்ணி வராங்க."

"அக்காவா?"

அந்த ஒரு வார்த்தையில் அவர் குரல் அரைக்கால் டவுசர் போட்ட பையன் குரலாகிவிட்டது. அதை அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து வெளியே போனாள். தூறலில் நின்று தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு தண்ணீரில் ஊறிக் கல்லாகியிருந்தது. நகம் உடைந்தது. பல்லால் கடித்தாள்.

தலைக்கு மேல் ஒரு குடை வந்து நின்றது. "பல்லு போயிடப் போகுது, தள்ளு" என்றார் மாஸ்டர். "அது நான் போட்ட முடிச்சு. எனக்குத்தான் அவிழும்."

கொத்தனார் காணாமல் போனாலும் அவருடைய சாரக் கம்புகள் எங்கும் போகவில்லை. அவற்றை நட்டு, தார்ப்பாயைக் கூடாரத்துக்கு மேலே இன்னொரு கூரையாக, சரிவாக இழுத்துக் கட்டினார்கள். தார்ப்பாய்க்கும் கித்தானுக்கும் நடுவில் கையை விட்டு ஆட்டலாம், அவ்வளவு இடைவெளி. இரண்டு பக்க ஜன்னல் படுதாக்களையும் சுருட்டி மேலே கட்டினார்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. சாரல் விழும் இடத்திலிருந்து கட்டிலை நகர்த்தினார்கள். டிரங்குப் பெட்டி கித்தானை ஒட்டியே நின்று சொகுசு கண்டது, அதையும் நடுவில் இழுத்துப் போட்டார்கள். அடுப்பு வெளியேற்றப்பட்டது. கட்டி முடியாத வீட்டில் இரண்டு சுவர் சேரும் மூலையில் ஒரு தகரத்தை மேலே போட்டு, அதன் கீழே அடுப்பை வைத்தாள். துணிக்கொடியும் அங்கேயே போனது. அப்படியாக அந்தப் புது வீட்டுக்கு முதலில் குடிபோனது அடுப்புதான்.

பூசணத்தைத் தொடுவதற்கு வெயில் வரவேண்டும் என்று காத்திருந்தாள். ஒருநாள் மேகம் விலகியதும் மாஸ்டரைத் தெருமுனைக் கடைக்கு டீ குடிக்கத் துரத்தினாள். "தூசி பறக்கும், நீங்க இங்க நிக்கக் கூடாது. ரெண்டு டீயா குடிச்சுட்டு வாங்க." மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சாமான் அத்தனையையும் வெயிலில் பரப்பினாள். இந்தத் தடவை சோப்பு இல்லை. காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டி உதிர்த்துவிட்டு, தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து, கித்தானுக்கு நோகாமல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அந்த வாடைக்கு மூக்கு எரிந்தது. நன்றாகக் காயும்வரை எதையும் உள்ளே கொண்டுபோகவில்லை. பூசணம் போனது, வாடை போனது, மூலையில் கறுப்புக் கறை மட்டும் நூலுக்குள் ஏறி நின்றுவிட்டது. பெல்ட் தேறவில்லை. அதை எறிந்ததற்காக மாஸ்டர் அன்று சாயந்திரம் முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாளும் கோபத்தோடு மெத்தையைப் புரட்டிப் பார்த்தவர், அடிப்பக்கம் ஈரமாக இருந்ததைக் கண்டு தானாகவே வாய் திறந்தார். "ரொட்டிய நாம பலகைலயா ஆறவைப்போம்? அடில காத்து வேணாமா?" என்று கிளம்பிப் போனவர், பேக்கரியில் சக்கரம் கழன்று மூலையில் கிடந்த பழைய கம்பி ரேக்கைக் கேட்டு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பலகைக் கட்டிலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ரேக்கைப் படுக்கவைத்து, நான்கு முனையிலும் செங்கல் கொடுத்து, மேலே மெத்தையைப் போட்டார். ஏறிப் படுத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. மறுபக்கம் வெந்துருச்சான்னு பார்த்துத் திருப்பிப் போடு" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் மெத்தை ஆடியது.

தினமும் காலையில் மெத்தையை நிமிர்த்தி வைப்பது, கித்தானைக் காய்ந்த துணியால் ஒற்றுவது என்று வேலை ஓடியது. இருமல் மாயமாக மறைந்துவிடவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவே வந்து மறிப்பது குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் மழையோடு வந்து இறங்கினாள். ஒரு கையில் குடை, தோளில் மருந்துப் பை, இன்னொரு கையில் ஒரு பெரிய காலிப் பை.

"அது எதுக்கு அண்ணி?"

"அவன் துணிமணிக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். மாஸ்டர் அக்காவிடம் ரொட்டிப் பை கதையைக் கை கால் வைத்துச் சொன்னார், புறங்கையால் சூடு பார்த்தும், முதலாளியைப் போல் ஓடியும் காட்டினார். நாத்தனார் சிரித்தாள், ஆனால் டம்ளரைக் கீழே வைத்த கையோடு சோதனையை ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வார்டில் தலைமை நர்ஸ் வருகிற வருகை அது. புதுத் தலையணையை முகர்ந்தாள். மெத்தையைத் தூக்கினாள். மூலைக் கறையின் எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"இது?"

"கறைதான் அண்ணி. செத்துப்போனது. மூக்கை வெச்சுப் பாருங்க."

நாத்தனார் மெய்யாகவே மூக்கை வைத்துப் பார்த்தாள். எழுந்தாள். ஜன்னலுக்கு மேலே சுருட்டிக் கட்டியிருந்த படுதாவின் நாடாவை இழுத்தாள். படுதா சரிந்து விரிந்தது. சுருளின் உள்மடிப்பில் புதுப் பூசணம், பச்சையாக, செழிப்பாக.

"இது செத்ததா, உயிரோட இருக்கா?"

மழையில் நனைந்த படுதாவைத் தினமும் ஈரத்தோடு சுருட்டிக் கட்டியிருக்கிறார்கள். இத்தனையும் பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை. அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினாள். மாஸ்டர் டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் சட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, கைப்பகுதியை உள்ளே தள்ளி, ஒழுங்காக மடித்தார்.

"சட்டையை வைங்க" என்றாள். அவ்வளவு உரக்கச் சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அவர் வைத்தார்.

நாத்தனாரிடம் திரும்பினாள். "நீங்க சொல்றது சரிதான் அண்ணி. ஈரத்தோட சுருட்டினது எங்க தப்பு. இப்பவே சுத்தம் பண்றேன். ஆனா இன்னைக்கு நீங்க இங்கயே தங்குங்க. இந்தக் காத்துல படுத்துப் பாருங்க. காலைல அவர் நெஞ்சை நீங்களே கேளுங்க. மோசமா இருந்தா அந்தப் பையில அவர் துணிய நானே அடுக்கிக் குடுக்கிறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"பந்தயம் கட்டுறியா என்கிட்ட?"

"இல்ல அண்ணி. அவர் நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டாள். "டேய் தம்பி, நீ வெளிய போ. இந்தாம்மா, பிரஷ்ஷைக் குடு. நீ தேய்க்கிற வேகத்துக்குத் துணி கிழிஞ்சிடும்."

நாத்தனாருக்கு ரேக் கட்டில். மற்ற இரண்டு பேருக்கும் செங்கல் மேல் பழைய கட்டில் பலகை. "இந்தக் குளிர்ல ஜன்னலைத் திறந்து போட்டு யாராவது தூங்குவாங்களா?" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். அவளுக்குப் போர்வை கொடுத்துவிட்டுப் படுத்த இவள், ஒரு வாரக் களைப்பில் கட்டையாகத் தூங்கிப்போனாள்.

விடிந்தபோது மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. கண்ணைத் திறந்தாள். கித்தான் வியர்த்து நின்றது. இரண்டு ஜன்னலும் இறக்கிக் கட்டப்பட்டிருந்தன. வாசல் இடுக்கில் நாத்தனாரின் சால்வை திணித்திருந்தது. மாஸ்டரின் மூச்சில் விசில் கேட்டது.

நாத்தனார் ரேக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "அவனுக்குக் குளிருமேன்னுதான்..." என்றாள். வாக்கியத்தை முடிக்குமுன் அவள் நெற்றியிலும் ஒரு சொட்டு விழுந்தது.

இவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் எழுந்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. நடந்து போய் ஒரு ஜன்னலை அவிழ்த்தார், அடுத்ததை அவிழ்த்தார். சால்வையை உருவி, உதறி, அக்காவின் தோளில் போர்த்தினார்.

"மூடாதேக்கா."

"குளிர் காத்துடா. நெஞ்சுல சளி கட்டும்."

"உன் வீட்லயும் இப்படித்தான் மூடி வெச்சே. ஜன்னலு, கதவு, எல்லாம். எனக்கு மூச்சு முட்டுச்சுக்கா. சொல்லணும்னு தினமும் நினைப்பேன். நீ அவ்வளவு பாசமா மருந்தைக் கொண்டுவந்து நீட்டுவே, வாய் வராது."

நாத்தனாரின் முகம் சட்டென்று கிழடு தட்டிப்போனது. "ஏண்டா, அப்பவே சொல்றதுக்கென்ன?"

"இப்ப சொல்லிட்டேன்" என்றார் மாஸ்டர். செருப்பை மாட்டினார். "ராத்திரி பெஞ்ச மழைல சுவரு எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வரேன்."

போகட்டுமா என்று கேட்கவில்லை. பார்த்துட்டு வரேன் என்றார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. அங்கே வெறும் கையோடு உட்கார்ந்திருந்த நாத்தனாரைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. இடுக்கில் சட்டை திணித்ததில் இவளுக்கும்தான் பங்கு உண்டு. பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு டம்ளர் டீயை அவள் கையில் வைத்தாள்.

வெகுநேரம் காற்றில் உலாத்திவிட்டு வந்த தம்பியை உட்காரவைத்து நாத்தனார் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தாள். மூச்சை இழுக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், மறுபடி இழுக்கச் சொன்னாள். இவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விசில் இருக்கு" என்றாள் நாத்தனார். "ஆனா நான் பயந்த அளவுக்கு இல்ல. நீ இங்கயே இரு." பிறகு, விட்டுக்கொடுத்தது போலத் தெரியக்கூடாது என்று குரலை உயர்த்தினாள். "மருந்து தவறக் கூடாது. படுதாவ ஈரத்தோட சுருட்டக் கூடாது, மழை விட்டா உடனே விரிச்சுக் காயவெக்கணும். அடுத்த மாசம் வருவேன், ஆமா."

"வாங்க அண்ணி. அதுக்குள்ள கொத்தனாரும் வந்துடுவாரு."

"அவனை எனக்குக் காட்டு. ஒரு ஊசி போடுறேன்."

பேக்கரிக்கு ஓடிப்போய் அப்போதுதான் இறங்கிய ரொட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். துணிமணிக்காகக் கொண்டுவந்த பெரிய பை நாத்தனாரின் கையில் காலியாகவே தொங்கியது. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவளிடம் ரொட்டியை நீட்டினாள். நாத்தனார் அதை வாங்கி, பழக்க தோஷத்தில் பிளாஸ்டிக் பையின் வாயை முறுக்கத் தொடங்கினாள். சட்டென்று நிறுத்தினாள். பைக்குள் கையை விட்டு, புறங்கையை ரொட்டியின் மேல் வைத்துப் பார்த்தாள். முறுக்கைப் பிரித்துவிட்டு, வாயை அகலத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பஸ் கிளம்பியது. சாரல் உள்ளே அடித்தது. பக்கத்து ஸீட்காரர் ஜன்னல் கண்ணாடியை மூடக் கையை நீட்டினார். நாத்தனார் அந்தக் கையைத் தடுத்து ஏதோ சொன்னது தெரிந்தது. கண்ணாடி திறந்தே இருந்தது.